செல்கள் கண்ணாடியில் ஒட்டவில்லையா? ஃபைப்ரோநெக்டின் பூசும் முறை

கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடி வில்லை) செல்களை வளர்த்து, ஃபிக்ஸ் செய்து (இருந்த நிலையிலேயே நிலைநிறுத்தி), சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பாதி இடம் காலியாக இருக்கும். மீதி செல்கள் கழுவும்போதே போய்விட்டிருக்கும். இந்தத் தொல்லைக்கு நான் இப்போது செய்கிற முறையை எழுதுகிறேன். 12 மி.மீ. கவர்ஸ்லிப், ஃபைப்ரோநெக்டின் (செல்கள் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம்), 3டி3 ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் (சுண்டெலியின் இணைப்புத் திசு செல்கள்). ஹூடில் (கிருமி புகாத வேலை மேடை) கை பழகியவர்களுக்காக எழுதுவதால் ஸ்டெரைல் விஷயங்களைத் தனியாகச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். செல் நேரடியாகக் கண்ணாடியைப் பிடிப்பதில்லை. மீடியம் (செல்களை வளர்க்கும் திரவம்) பட்ட சில நொடிகளிலேயே அதிலுள்ள சீரத்தின் (ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) புரதங்கள் மேற்பரப்பில் படிந்துவிடும். செல் மெதுவாகக் கீழே இறங்கி வந்து பிடிப்பது அந்தப் புரதப் படலத்தைத்தான். டைட்டானியம் இம்ப்ளான்ட் ஆனாலும் பிளாஸ்டிக் டிஷ் ஆனாலும் இதே கதை. செல்லின் மேலுள்ள இன்டெக்ரின்கள் என்ற பிடிப்புப் புரதங்கள் ஃபைப்ரோநெக்டினில் தேடுவது ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்களின் வரிசையை. சுருக்கமாக ஆர்ஜிடி. பியர்ஷ்பாகர், ரூஸ்லாட்டி என்ற ஆய்வாளர்கள் 1984இல் காட்டியது இது. சீரத்தில் அதிகம் இருக்கும் அல்புமினில் அப்படி ஒரு பிடி கிடையாது. அதனால், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல, சீரம் வருவதற்கு முன்பே ஃபைப்ரோநெக்டினுக்கு இடம் பிடித்துவிட வேண்டும்.

படி 1: கண்ணாடியைக் கழுவுதல்

புதுப் பெட்டியாக இருந்தாலும் கழுவுங்கள். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 50–60 டிகிரி சூட்டில், ஃப்யூம் ஹூடுக்குள், இரவு முழுக்க வைத்து, காலையில் டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசுங்கள். பிறகு 70% எத்தனாலில் போட்டு வைக்கலாம். ஒன்றை எடுத்து உலர்த்தி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பரவினால் சரி. குமிழாக எழும்பி நின்றால் பிசுக்கு போகவில்லை.

படி 2: பூசுதல்

ஃபைப்ரோநெக்டின் பொடியில் ஸ்டெரைல் தண்ணீர் விட்டு 37 டிகிரியில் அரை மணி நேரம் சும்மா வையுங்கள். வோர்டெக்ஸ் (குலுக்கும் கருவி) பக்கமே கொண்டுபோகாதீர்கள்; ஆட்டினால் நூல் நூலாகத் திரண்டுவிடும், அப்புறம் கரையாது. கரைந்ததைச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

12 மி.மீ. வட்டத்தின் பரப்பு 1.13 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 2 மைக்ரோகிராம் என்று வைத்தால், பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) ஒரு மி.லி.க்கு 25 மைக்ரோகிராமாகக் கலந்த கரைசல் 90 மைக்ரோலிட்டர் போதும். அதற்கு மேல் ஊற்றினால் காசுதான் வீண். படியப்போவது ஏறக்குறைய ஒரே அடுக்கு.

கரைசலை வெல்லுக்குள் (வளர்ப்புத் தட்டில் உள்ள குழி) ஊற்றுவதைவிட பாராஃபிலிம் (தண்ணீர் ஒட்டாத மெழுகுத் தாள்) முறைதான் எனக்குப் பிடிக்கும். பாராஃபிலிமில் சொட்டு வைத்து, அதன்மேல் கவர்ஸ்லிப்பைக் கவிழ்த்து, பக்கத்தில் ஈர டிஷ்யூ வைத்து மூடி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். வெல்லில் ஊற்றினால் மூன்று மடங்கு கரைசல் தேவைப்படும், அதில் ஒரு பங்கு கவர்ஸ்லிப்புக்கு அடியில் போய்விடும்.

எடுக்கும்போது ஃபோர்செப்ஸால் நெம்பாதீர்கள், உடையும். ஓரத்தில் கொஞ்சம் பிபிஎஸ் விட்டால் தானாக மிதக்கும். பூசிய பக்கம் மேலே இருக்கும்படி வெல்லில் போட்டு இரண்டு முறை அலசுங்கள். நடுவில் காய விடக் கூடாது. ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது காய்ந்த உப்பு. அந்த இடத்தில் புரதமும் குலைந்திருக்கும். இன்னொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: செல்களை விடுதல்

தலைவலி எல்லாம் இங்கேதான். வழக்கம்போல 10% சீரத்தோடு செல்களை விட்டு மறுநாள் பார்த்தால், பூசியதும் பூசாததும் ஒரே மாதிரி தெரியும். பூச்சு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சீரத்தில் உள்ள விட்ரோநெக்டின் என்ற புரதம் வெறும் கண்ணாடியிலும் படிந்து பிடி கொடுத்திருக்கும். போதாததற்கு ஃபைப்ரோபிளாஸ்ட்களே ஃபைப்ரோநெக்டின் சுரக்கும். இரவுக்குள் தங்கள் தரையைத் தாங்களே போட்டுக்கொள்கிற செல்கள் அவை.

முதலில் படிந்த புரதமே கடைசிவரை இருக்கும் என்றும் நம்ப முடியாது. ரத்தப் பிளாஸ்மாவில் முதலில் படிந்த ஃபைப்ரினோஜன் புரதத்தை கைனினோஜன் என்ற இன்னொரு புரதம் பிறகு வந்து இடம்பெயர்ப்பதைக் காட்டியவர் லியோ வ்ரோமன். டச்சு மொழியில் பெயர்பெற்ற கவிஞரும்கூட. ஒரு மணி நேரம் உட்கார்ந்து விரிந்துவிட்ட புரதத்தைப் பெயர்ப்பது கடினம். பூசும் நேரத்தைக் குறைக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆகவே செல்களைப் பழைய தட்டிலிருந்து பிரிக்கும் ட்ரிப்சின் நொதியை சீர மீடியத்தால் நிறுத்தி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, சீரமில்லாத மீடியத்தில் செல்களைக் கலந்து விடுங்கள். கணக்குப் போடும்போது கவர்ஸ்லிப்பின் பரப்பை எடுக்காதீர்கள். செல்கள் விழுவது வெல் முழுக்க. 24-வெல் தட்டில் அது 1.9 சதுர செ.மீ.; வெல்லுக்கு 30,000 செல்கள் போதும். தட்டை ஹூடிலேயே 10 நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு இன்குபேட்டருக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் எல்லாம் நடுவில் குவியும்.

45 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஃபைப்ரோநெக்டின் மேல் செல்கள் தட்டையாகப் பரவி மங்கலாகத் தெரியும். ஒப்பீட்டுக்காக 1% அல்புமின் மட்டும் பூசியதில் உருண்டையாகப் பளிச்சென்று நிற்கும். வித்தியாசம் தெரிந்ததும் சீரம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபிக்ஸ் செய்யும் முன் கழுவுவதற்குக் கால்சியமும் மக்னீசியமும் உள்ள பிபிஎஸ் எடுங்கள். அவை இல்லாவிட்டால் இன்டெக்ரின் பிடி தளரும். வெல்லின் சுவரோரமாக விடுங்கள்.

ஃபைப்ரோநெக்டினுக்குப் பதில் பாலி-லைசின் பூசலாமே, மலிவாயிற்றே என்பார்கள். அது செல்லை மின்னூட்டத்தால் இழுத்துப் பிடிப்பது. நியூரான்களுக்கு நல்லது. ஃபோகல் அடிஷன் (இன்டெக்ரின்கள் கூடிப் பிடிக்கும் இடங்கள்) பார்க்க வேண்டுமென்றால் நான் தொடமாட்டேன்.

பிற்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் இரண்டு பேர் கேட்டதற்காக. பிடிஎம்எஸ் (ஒருவகை சிலிகோன் ரப்பர்) மேல் பூசுபவர்கள் பிளாஸ்மா (ரத்தத்தினுடையது அல்ல, மின்னூட்டிய வாயு) கொடுத்த கையோடு பூசிவிடுங்கள். வைத்திருந்தால் அது மறுபடி தண்ணீரை ஒட்டவிடாத நிலைக்குத் திரும்பும். எலிவால் கொலாஜன் என்றால் பிபிஎஸ்ஸில் கலக்காதீர்கள், 0.02 மோலார் அசெட்டிக் அமிலத்தில் கலக்குங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். செல்களை விட்டதும் மீடியம் மஞ்சளாக மாறினால் அமிலம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.