உச்சி வெயிலில் நிழலை அளக்கப் போனேன்

சித்திரை பிறந்த மூன்றாம் நாள், பன்னிரண்டேகால் மணி இருக்கும். பனைமரத்தின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று மகளை ஊருணிக் கரைக்கு இழுத்துப்போனேன். நட்ட குச்சிக்கு நிழலே இல்லை. "நிழல் எங்கப்பா?" என்றாள். காரைக்குடிப் பக்கம் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அன்றைக்குப் பாடம் எனக்குத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனோம். 3 அடிக் குச்சிக்கு 2 அடி நிழல். பனைக்கு 20 அடி. அப்படியானால் மரம் 30 அடி என்று அவளே சொன்னாள். குச்சியை அளந்துவிட்டு, பதனீர் குடித்துவிட்டு வந்து மரத்தை அளந்தால் கணக்கு உதைக்கும்; அதற்குள் நிழல் நகர்ந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து அளக்க வேண்டும், மேடு பள்ளம் இல்லாத தரையில்.

பிள்ளைகளுக்கு இப்படிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் அதிகம் செய்யும் தவறு, விடையை முந்திக்கொண்டு சொல்வது. பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் நடுவில் 7 புள்ளி, இரண்டு பக்கமும் 5, 3, 1 என்று வைத்தார். மொத்தம் எத்தனை என்று கேட்டேன். மகள் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ண, எனக்கு நாக்கு அரித்தது. ஆச்சி கண்ணாலேயே அடக்கினார். 25 என்று முடித்தவள், நடுவில் 5 வைத்த கோலத்தையும் தானாக எண்ணினாள்: 13. "25, 16-ம் 9-ம் (4×4, 3×3). 13, 9-ம் 4-ம் (3×3, 2×2)" என்று நான்கு நாள் கழித்துக் குளிக்கும்போது கத்தினாள். நான் அன்றே சொல்லியிருந்தால் இது போயிருக்கும்.

சந்தையில் கடைக்காரர் எதிரே "சொல்லு, சீக்கிரம் சொல்லு" என்று நெருக்குவதும் வேண்டாம். கூட்டத்தில் பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். கூறு கட்டிய தக்காளி 20 ரூபாய், கிலோ 30 என்றால் எது லாபம் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேளுங்கள். கூறு எத்தனை கிராம் என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள்.

அப்புறம், எடுத்தவுடன் டேப்பை நீட்டாதீர்கள். முதலில் கண்ணால் மதிப்புப் போடட்டும். எங்கள் திண்ணையில் 8 அங்குல ஆத்தங்குடிக் கல். மூன்று கல் சேர்ந்தால் 2 அடி. திண்ணை எட்டடி நீளம் இருக்கும் என்றாள் மகள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது கல்தான்.