மாடல் ரயில் எஞ்சின்: நுணுக்கம் சேர்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் புகைப்படத்தைத் தேடுங்கள். ஒரே வகை எஞ்சின்களிலும் விளக்கு, குழாய், படி என்று ஏதாவது ஒன்று காலப்போக்கில் மாறியிருக்கும். எந்த எண் கொண்ட எஞ்சின், எந்த ஆண்டில் இருந்த தோற்றம் என்று முடிவு செய்யாமல் கடையில் கிடைத்த உதிரிகளையெல்லாம் ஒட்டினால், நிஜத்தில் எங்குமே ஓடாத எஞ்சின்தான் மிஞ்சும்.

அடுத்து, தடிமன். 32 மி.மீ. கைப்பிடிக் கம்பி ஒன்று 1:87 அளவான ஹெச்ஓ மாடலில் 0.37 மி.மீ.தான் வரும். கைக்குக் கிடைத்த 0.8 மி.மீ. கம்பியை மாட்டினால், நிஜத்தில் அது கிட்டத்தட்ட 70 மி.மீ. குழாய்! எந்த ஓட்டுநரும் அதைக் கைக்குள் அடக்கிப் பிடிக்க முடியாது. பிளாஸ்டிக்கோடு சேர்ந்தே வரும் கம்பியைச் சீவி எடுப்பதானால், முதலில் அதன் முனைகளில் புதுக் கம்பிக்கான துளை போட்டுவிடுங்கள். சீவிய பிறகு இடம் தெரியாது.

ஜன்னல் கண்ணாடிக்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். காய்ந்தால் நிறமில்லாமல் போகும் வெள்ளைப் பசையே போதும்.

அதிகம் கெடுப்பது, ஓடிப் பழசான தோற்றத்துக்காக அழுக்கு பூசும் விஷயத்தில்தான். உடம்பு முழுக்க ஒரே பழுப்பை அடித்துவிடுகிறார்கள். அழுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. கரி மேலே படியும். பிரேக் கட்டை தேய்ந்து உதிரும் துருநிறத் தூள் சக்கரங்களைச் சுற்றிப் படியும். நீராவி எஞ்சினில் தண்ணீர் கசிந்து காய்ந்த இடங்களில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடாக நிற்கும். எண்ணெய் ஊறிய இணைப்புத் தண்டுகள் மட்டும் பளபளக்கும். அங்கே பளபளப்பைக் குறைக்கும் மேட் வார்னிஷ் அடித்தால் உயிரே போய்விடும். மழை அழுக்கை மேலிருந்து கீழே இழுக்கும் என்பதால் பிரஷ்ஷும் அதே திசையில் போகட்டும். சுத்தக் கறுப்பும் வேண்டாம். சின்ன மாடலில் அது ஓட்டை போலத் தெரியும்; அடர்சாம்பல்தான் கண்ணுக்குச் சரியாகப் படும்.

அழுக்கு, துரு போலக் காட்டத் தூவும் நிறப் பவுடர் மேல் வார்னிஷ் அடித்தால் பாதி மங்கிவிடும். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே தூவுங்கள்.

அப்புறம், ஓட வேண்டிய எஞ்சின் என்பதை மறக்கக்கூடாது. இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் போகும் அமைப்பில், உலோக பிரேக் பாகம் இருபுறச் சக்கரங்களையும் தொட்டால் ஷார்ட் ஆகும். படியையும் குழாயையும் நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன், உங்களிடம் உள்ள மிக இறுக்கமான வளைவில் ஓட்டிப் பாருங்கள். தண்டவாளத்தைத் தொடும் சக்கர விளிம்பில் பெயின்ட் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்; இல்லையென்றால் எஞ்சின் திக்கித் திக்கித்தான் போகும்.