எம்113 கவச வண்டி: ஓட்டவும் பராமரிக்கவும் புதியவர்களுக்கான செய்முறை

டிராக்கில், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் உலோகச் சங்கிலிப் பட்டையில், ஓடி வீரர்களை ஏற்றிச் செல்லும் கவச வண்டிகளில் உலகெங்கும் மிகப் பரவலானவற்றில் ஒன்று அமெரிக்காவின் எம்113. 1960-இல் படையில் சேர்ந்த இந்தக் குடும்பத்தில் 80,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாகியிருக்கின்றன. பல நாட்டுப் படைகளிலும் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இன்றும் ஓடுகின்றன. சிங்கப்பூர் ராணுவமும் நெடுங்காலம் வைத்திருந்த வண்டி இது. தேசிய சேவையில் இதற்குள் ஏறி இறங்கியவர்கள் இதைப் படிப்போரில் சிலராவது இருப்பார்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் டீசல் இன்ஜின் கொண்ட ஏ1, ஏ2 வகைகளுக்குப் பொருந்தும். ஏ3 வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறோம்.

வண்டியை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

உடல் முழுவதும் அலுமினியக் கவசம். போருக்கான சுமையோடு 11 டன்னை ஒட்டி வரும். ஏ3 என்றால் 12 டன்னைத் தாண்டும். ஓட்டுநர் முன்பக்கம் இடதுபுறம், இன்ஜின் அவருக்கு வலதுபுறம், வீரர்கள் பின்னால். பின்சுவரே சாய்ந்து இறங்கும் ராம்ப். இன்ஜின் டெட்ராய்ட் டீசல் 6வி53: ஆறு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 2,800 சுற்றில் 212 குதிரைத்திறன். ஏ3-இல் டர்போ சேர்ந்து 275. ஏ1, ஏ2-இல் கியர் தானியங்கி, முன்னோக்கி மூன்று, பின்னோக்கி ஒன்று. மின்சாரம் 24 வோல்ட்.

ஒவ்வொரு பக்கமும் ஐந்து ரோடு வீல். டிராக்கை இழுக்கும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட் முன்னால், டிராக்கைத் திருப்பிவிடும் ஐட்லர் சக்கரம் பின்னால். டிராக்கின் மேல்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் இல்லை. அது ரோடு வீல்களின் தலைமேலேயே ஓடும். ஸ்பிரிங்காக இருப்பவை டார்ஷன் பார்கள், அதாவது முறுக்கேறித் தாங்கும் எஃகுத் தண்டுகள். இவை வண்டியின் அடியில் குறுக்காக, ஒன்றை அடுத்து ஒன்றாகப் படுத்திருப்பதால் இடது வலது சக்கரங்கள் நேருக்கு நேர் அமையாது. டிராக்கிலும் ஒரு பக்கம் 63 ஷூ (டிராக்கின் தனித்தனிக் கண்ணிகள்), மறுபக்கம் 64 வருவது இதனால்தான். புதிதாக எண்ணிப் பார்ப்பவர்கள் ஒரு ஷூ தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

கிளப்பும் முன்

வண்டியைச் சுற்றி ஒரு நடை. அடியில் தரையைப் பாருங்கள். கசிவை மூன்று நிலையாகப் பிரிப்பது வழக்கம்: ஈரம் மட்டும் தெரிவது முதல் நிலை, சொட்டு திரண்டு விழாமல் நிற்பது இரண்டாவது, விழுவது மூன்றாவது. முதல் இரண்டையும் குறித்துவைத்து அளவைக் கவனித்தபடி ஓட்டலாம். மூன்றாம் நிலையில் வண்டி நகரக் கூடாது. டீசல் கசிவுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஈரம் தெரிந்தாலே சரிசெய்த பிறகுதான் கிளப்ப வேண்டும்.

இன்ஜின் ஆயிலை நின்ற நிலையில் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயிலைச் சூடேறி, வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஐட்லில் ஓடும்போது பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் அளந்து மேலே ஊற்றிவிட்டால் சூடானதும் அளவு கூடி, நுரைத்து, கியர் வழுக்கும். இரு பக்கத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்கும், ஸ்பிராக்கெட்டைச் சுழற்றும் இரண்டு ஃபைனல் டிரைவுக்கும் தனித்தனி ஆயில் உண்டு. அதிகம் மறக்கப்படுவது இவைதான்.

டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து, தண்ணீர் போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். ஏர் ஃபில்டரைத் தூசி நாட்டில் தினமும் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் டெட்ராய்ட் ஊதுகுழல் வழியே ஏராளமாகக் காற்றை இழுக்கும். ஃபில்டர் சீல் சற்று விலகியிருந்தாலும் உள்ளே போகும் மணல் சிலிண்டரின் உட்சுவரான லைனரைத் தின்றுவிடும். ஆயிலும் இதற்கென்று குறித்த ரகமே. சாலை லாரிக்கு வாங்கியதை ஊற்றாதீர்கள்.

கிளப்புவதும் நகர்த்துவதும்

கியர் நியூட்ரலில், இரண்டு ஸ்டீயரிங் லிவர்களும் இழுத்துப் பூட்டிய நிலையில் இருக்கட்டும். பூட்டிய லிவர்களே பார்க்கிங் பிரேக். மாஸ்டர் சுவிட்சைப் போட்டு எச்சரிக்கை விளக்குகள் எரிவதைப் பாருங்கள். எரியாத விளக்கு எதையும் எச்சரிக்காது. ஸ்டார்ட்டரை ஒரு முறைக்கு 15 விநாடிக்கு மேல் அழுத்த வேண்டாம். கிளம்பவில்லையென்றால் ஒரு நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி. கிளம்பியதும் ஆயில் பிரஷர் உடனே ஏற வேண்டும். ஏறாவிட்டால் காரணம் தேடாமல் முதலில் அணையுங்கள்.

சுமார் 1,000 சுற்றில் சில நிமிடம் சூடேற்றுங்கள். அதற்காக மணிக்கணக்கில் ஐட்லில் விடுவதும் தவறு. இந்த இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் எரியாத டீசலும் ஆயிலும் புகைபோக்கி வழியே கரும்பிசினாக வழியும்.

நகரும் முன் தரையில் ஒரு வழிகாட்டி நிற்க வேண்டும். ஓட்டுநருக்கு வலது முன்பக்கம் கிட்டத்தட்ட முழுக்க மறைவு, பின்னால் சுத்தமாகத் தெரியாது. வழிகாட்டி வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. வழிகாட்டி கண்ணுக்கு மறைந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். பின்னோக்கி எடுக்கும்போது இருவர் தேவை. ஒருவர் முன்னால் ஓட்டுநரின் கண் எதிரே, மற்றவர் பின்னால்.

ஏ1, ஏ2-இல் இடது லிவரை இழுத்தால் இடதுபக்கம் திரும்பும். இரண்டையும் இழுத்தால் நிற்கும். லிவர் டிஃபரென்ஷியலுக்குள் ஒரு பிரேக் பட்டையை இறுக்குகிறது. அந்தப் பக்கத்து டிராக் வேகம் குறையும், மறுபக்கத்துடையது அதே அளவு கூடும். எந்த டிராக்கும் முழுக்க நிற்பதில்லை என்பதால் திரும்பும் வட்டத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அதைவிட இறுக்கமாகத் திரும்பத் தனியாகப் பிவட் லிவர்கள் இருக்கின்றன. அவை ஒரு டிராக்கைப் பிடித்து நிறுத்தும். நடை வேகத்தில் மட்டும் அவற்றைத் தொடுங்கள். வேகத்தில் தொட்டால் டிராக் கழன்றுகொள்ளும், அல்லது வண்டி சுழலும்.

பழக வேண்டிய கைப்பழக்கம் ஒன்றுதான்: இழு, விடு, மறுபடி இழு. லிவரைப் பாதி இழுத்தபடியே வளைவு முழுக்கப் போனால் பட்டை சூடாகி ஆயில் கருகும். இறக்கத்தில் இறங்கத் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றிவிடுங்கள். நியூட்ரலில் உருட்டாதீர்கள். ஏ3-இல் கைப்பிடிச் சக்கரமும் கால் பிரேக்கும் இருப்பதால் கார் ஓட்டியவர்களுக்கு எளிது. ஆனால் அதன் ஸ்டீயரிங் ஹைட்ராலிக்கில் இயங்குவது. இன்ஜின் அணைந்தால் திருப்பவும் முடியாது.

பள்ளம், வரப்பு, கட்டை எதையும் நேராகச் சந்தியுங்கள். 60 செ.மீ. உயரத் தடையை ஏறும், 1.68 மீட்டர் பள்ளத்தைத் தாண்டும். சாய்வாக ஏறினால் அதில் பாதியே போதும், டிராக் போய்விடும்.

நின்றவுடன் செய்யும் சோதனை

காலைச் சோதனையை எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்கள். உண்மையைச் சொல்வது ஓடி நின்ற பத்து நிமிடத்துக்குள் செய்யும் சோதனை. குளிர்ந்த வண்டி எந்தக் குறையையும் காட்டாது.

புறங்கையை முதலில் அருகில் கொண்டுபோய், பிறகு தொட்டு, ஒவ்வொரு ரோடு வீல் ஹப்பாக (சக்கரத்தின் நடுப்பகுதி) பாருங்கள். ஐந்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அதன் பேரிங்கில் கிரீஸ் இல்லை அல்லது பேரிங் போகிறது. ஃபைனல் டிரைவுக்கும் இதே சோதனை. ஷாக் அப்சார்பரில் கணக்கு தலைகீழ்: மேடுபள்ளத்தில் ஓடியபின் அது சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்திருக்கும் ஷாக் வேலை செய்யவில்லை.

கடப்பாரையை ஒவ்வொரு ரோடு வீலின் அடியிலும் கொடுத்து நெம்புங்கள். எளிதாக மேலே வந்துவிட்டால் அந்த டார்ஷன் பார் உடைந்திருக்கிறது. மாற்றும்போது பக்கம் தவறாமல் பாருங்கள். பார் ஒரு திசையில் முறுக்கேறும்படி செய்யப்பட்டது, இடதுக்குரியதை வலதில் போட்டால் சீக்கிரமே முறியும்.

டிராக்: இறுக்கம்

தளர்ந்த டிராக் கழன்று விழும். அதிகம் இறுகிய டிராக் கழலாது. அதற்குப் பதில் ஐட்லர் பேரிங், ஃபைனல் டிரைவ், ஷூவின் துளைக்குள் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் அமைதியாகத் தின்னும். புதியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது தவறைச் செய்கிறார்கள்.

சமதரையில் நேராக ஓட்டி வந்து, லிவரை இழுக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். பிரேக் பிடித்து நின்றால் தளர்ச்சி ஒரு பக்கமாக ஒதுங்கி அளவு பொய்யாகிவிடும். டிராக்குக்கும் ரோடு வீலின் தலைக்கும் உள்ள இடைவெளியை, கையேடு சொல்லும் சக்கரத்தில், அது சொல்லும் அளவுக்கு வெட்டிய கட்டையைச் செருகிப் பாருங்கள். கண்மதிப்பு வேண்டாம்.

இறுக்குவது கிரீஸ் கன்னால். ஐட்லரைத் தள்ளும் சிலிண்டருக்குள் கிரீஸ் ஏற ஏற ஐட்லர் பின்னால் நகர்ந்து டிராக் இறுகும். பொக்லைன் செயினை இறுக்கியவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். தளர்த்த வடிகால் திருகைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பது மிகுந்த அழுத்தத்தில் உள்ள கிரீஸ். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள், கழற்றி எடுத்துவிடும் அளவுக்குத் திருகாதீர்கள். பாய்ந்து வரும் கிரீஸ் தோலைத் துளைத்துவிடும். சிறு புள்ளியாகத்தான் தெரியும், வலியும் இருக்காது. அப்படியே ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இறுக்கியதும் சில மீட்டர் ஓட்டி மறுபடி அளவெடுங்கள். சிலிண்டர் முழுக்க நீண்டும் டிராக் தளர்வாக இருந்தால் ஒரு ஷூவை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

டிராக்: பிரித்துச் சேர்த்தல்

இருவராவது வேண்டும், மூவர் நல்லது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

1. கெட்டியான சமதரையில் நிறுத்தி, மறுபக்கத்து டிராக்குக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இன்ஜினை அணைத்து, மாஸ்டர் சுவிட்சையும் அணையுங்கள்.
2. வடிகால் திருகால் டிராக்கைத் தளர்த்துங்கள்.
3. கைக்கு எட்டும் இடத்தில், சக்கரத்தில் படியாத ஒரு பின்னை (இரண்டு ஷூக்களை இணைக்கும் ஆணி) தேர்ந்தெடுங்கள். அதன் இருபுறமும் இணைப்புக் கருவிகளை மாட்டி இரண்டு ஷூக்களையும் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள்.
4. நட்டுகளைக் கழற்றி, பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியலால் பின்னை அடித்து வெளியே தள்ளுங்கள். எஃகின் மேல் எஃகால் அடித்தால் சில்லு தெறிக்கும்.
5. இரண்டு கருவிகளையும் மாறி மாறி, சம அளவில் தளர்த்துங்கள். ஒன்றை மட்டும் முழுக்க விட்டால் டிராக் முறுக்கிக்கொண்டு விரலைப் பிடிக்கும்.
6. சேர்க்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். கழற்றிய பழைய நட்டை மறுபடி போடாதீர்கள். அதன் பிடிப்பு போயிருக்கும்.

பிரித்தபோதே மற்றவற்றையும் பாருங்கள். புஷ் உயிரோடிருக்கும் ஷூ தன் முறுக்கால் சற்று உள்நோக்கி வளைந்து நிற்கும். தொளதொளவென்று தொங்கினால் ரப்பர் செத்துவிட்டது. ரப்பர் பேட் தேய்ந்து உலோகம் சாலையைத் தொடும் முன் மாற்ற வேண்டும். மாற்றிய பேட்டின் நட்டைச் சிறிது தூரம் ஓடியபின் மறுபடி முடுக்குங்கள். பழைய டிராக்கின் நடுவே புது ஷூக்களைக் கலப்பது சிக்கனம் போலத் தெரியும். தேய்ந்ததற்கும் புதியதற்கும் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரையான தூரம் வேறு. ஸ்பிராக்கெட் பல்லில் ஒவ்வொரு சுற்றிலும் இடிக்கும்.

ஓடும்போது டிராக் கழல்வது பெரும்பாலும் சரிவில் குறுக்கே போகையில் திரும்பினால், மணலிலோ சேற்றிலோ இறுக்கித் திருப்பினால், அல்லது சேறு அடைத்த ஸ்பிராக்கெட்டோடு பின்னோக்கித் திரும்பினால் நடக்கும். தட்தட் ஓசையோ ஒரு பக்க இழுப்போ வந்ததும் நிறுத்துங்கள். பாதி கழன்ற டிராக்கை ஓட்டியே உள்ளே தள்ளிவிடலாம் என்று முயல்வது, ஒரு மணி நேர வேலையை ஒரு நாள் வேலையாக்கும்.

இழுத்துச் செல்லுதல், தீ, ராம்ப்

கியர்பாக்ஸ் அல்லது டிஃபரென்ஷியல் பழுதான வண்டியை இழுக்கும் முன், ஃபைனல் டிரைவுக்குப் போகும் இணைப்புத் தண்டுகளைக் கழற்ற வேண்டும். கழற்றியபின் அந்த வண்டிக்குப் பிரேக்கே இல்லை. ஆகவே டோ பார் எனும் விறைப்பான இழுவைக் கம்பி மட்டும், கேபிள் கூடாது.

இன்ஜின் அறையில் தீ என்றால் முதலில் இன்ஜினை அணையுங்கள், பிறகே தீயணைப்பான் கைப்பிடியை இழுங்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் வாயு முழுக்க வெளியே போய்விடும்.

ராம்பை இறக்கும் முன் உரக்கக் குரல் கொடுத்து, பின்னால் யாருமில்லை என்று பார்த்தவரிடமிருந்து பதில் வந்தபின் இறக்குங்கள். ராம்ப் சீலில் கல், மண் இல்லாமல் துடைத்து மூடுங்கள்.

தண்ணீரில் இறங்கினால்

கூடுதல் கவசம் ஏற்றாத எம்113 மிதக்கும். டிராக்கின் சுழற்சியாலேயே மணிக்கு 6 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நகரும். இறங்கும் முன் அடித்தட்டு வடிகால் அடைப்பான்கள் எல்லாம் போட்டிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ராம்ப், ராம்ப் கதவு, இன்ஜின் கதவுகளின் சீல்களைச் சோதியுங்கள். இரண்டு நீரிறைக்கும் பம்புகளையும் கரையிலேயே ஓட்டுங்கள். முன் அலைத்தடுப்புப் பலகையை உயர்த்தி, மெதுவாக, நேராக இறங்குங்கள். ஏறும்போதும் கரைக்கு நேராக, கீழ் கியரில்.

கரையேறியதும் அடைப்பான்களைக் கழற்றி வடியுங்கள். ஹப்புகளுக்குப் புதுக் கிரீஸ் ஏற்றி, புகுந்த தண்ணீரை வெளியே தள்ளுங்கள். ஃபைனல் டிரைவ் ஆயில் பால் நிறமாக இருந்தால் சீல் போயிருக்கிறது. உப்புநீர் என்றால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அலுமினிய உடலில் எஃகு போல்ட்டுகள் பொருந்தும் இடங்களில் உப்பு தங்கினால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும்.

நிறுத்திவைக்கும் வண்டி என்றால் டாங்கியை நிரப்பி வையுங்கள். காலியிடத்தில் ஈரம் படியும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். மாதம் ஒருமுறை ஐட்லில் மட்டும் விடாமல், கியர்பாக்ஸ் ஆயில் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட்டுங்கள். நின்றதும் புறங்கைச் சோதனையைச் செய்து, ஒவ்வொரு ஹப்பின் நிலையையும் அந்த வண்டியின் பதிவேட்டில் எழுதுங்கள்.