துப்பறியும் தொடர் எழுதுவது எப்படி? முதலில் கொலையை எழுதி முடியுங்கள்

மும்பையில், மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருந்துகொண்டு முதல் வெப் சீரிஸ் எழுதப் பார்க்கும் தமிழர்களுக்கான செய்முறை இது. எட்டு எபிசோடு, தலா 40 நிமிடம், தாராவியில் ஒரு கொலை என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான தொடர்கள் பிரமாதமாகத் தொடங்கி, நான்காவது ஐந்தாவது எபிசோடில் படுத்துவிடுகின்றன. கொலை எப்படி நடந்தது என்பதை எழுதியவரே முடிவு செய்யாமல் விட்டதுதான் காரணம்.

படி 1: போலீஸ் வருவதற்கு முன் நடந்ததை மட்டும் கொலையாளியின் பக்கமிருந்து, மணி நேரத்தோடு, இரண்டு பக்கம் எழுதுங்கள். தோல் பட்டறையில் இரவு 2 மணிக்குக் கொலை; கொலையாளியின் வீடு செம்பூரில். பகலென்றால் சயானில் லோக்கல் ரயில் ஏறி, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறிப் போய்விடலாம். அந்த நேரத்தில் லோக்கல் ஓடாது. டாக்ஸியா, பைக்கா, நடையா? டிரைவர், பெட்ரோல் பங்க் கேமரா, தெருவில் விழித்திருந்த ஆள் என்று ஒவ்வொன்றும் ஒரு தடயத்தை விட்டுப்போகும். தடயத்தைத் தனியாக யோசிக்க வேண்டியதே இல்லை.

படி 2: நான்கு கட்டம் போடுங்கள். தடயம், பார்வையாளர் அதைப் பார்க்கும் எபிசோடு, போலீஸுக்குப் புரியும் எபிசோடு, அதுவரை அதற்குக் கிடைக்கும் தவறான அர்த்தம். முக்கியத் தடயங்கள் மூன்று போதும். அவற்றில் குறைந்தது ஒன்று, முதல் இரண்டு எபிசோடுக்குள் திரையில் வந்துவிட வேண்டும். கடைசி எபிசோடில் புதுச் சாட்சி முளைத்தால், ஏழு எபிசோடு கூடவே யோசித்து வந்தவருக்கு அது துரோகம்.

படி 3: சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேர். ஒவ்வொருவரும் பொய் சொல்ல வேண்டும், கொலைக்குச் சம்பந்தமில்லாத சொந்தக் காரணத்துக்காக. அந்தப் பொய் உடையும்போது வழக்குக்கு ஓர் உண்மை கிடைத்தே தீர வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த எபிசோடு முழுக்க வீண். நடுப்பகுதி தொய்வது இதனால்தான். மும்பையில் இதற்கு அருமையான வழி உண்டு. தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியின் வாக்குமூலத்தை மராத்தி போலீஸ்காரருக்குச் சொல்ல பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். அவரையே மூவரில் ஒருவராக்குங்கள். அவர் ஒரு வரியை விழுங்கினால் பாட்டிக்குத் தெரியாது. போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதும் இல்லை.

படி 4: சட்டத்தைக் கதைக்கு வேலை செய்ய விடுங்கள். கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால், காவலில் இருப்பவர் ஜாமீனை உரிமையாகவே கேட்கலாம். பரபரப்புக்கு வெடிகுண்டெல்லாம் வேண்டாம், இந்தக் கெடுவே போதும். விசாரணை அறையில் அழுதுகொண்டே ஒப்புக்கொள்ளும் கிளைமாக்ஸை மட்டும் தயவுசெய்து வெட்டுங்கள். போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகாது. ஆனால், அவர் சொன்ன தகவலால் கத்தி கிடைத்தால், அதற்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். ஆகவே கிளைமாக்ஸ் அறையில் அல்ல, கத்தி கிடக்கும் சாக்கடையில்.

படி 5: காட்சிக்கு ஒரு அட்டை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் கொலையாளி அதே நாளில், அதே வழியில் பிடிபடுகிறான் என்றால் அந்த அட்டையைத் திரும்ப ஒட்டாதீர்கள்.