அடிபட்ட பால் பல் கறுத்துப்போனால்

என் மகள் வாசற்படி தடுக்கிக் குப்புற விழுந்தபோது அவளுக்கு இரண்டரை வயது. உதட்டில் கொஞ்சம் ரத்தம், அரை மணி நேரம் அழுகை, அப்புறம் ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு விளையாடப் போய்விட்டாள். நாங்களும் மறந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்துப் பல் தேய்த்துவிடும்போதுதான் கவனித்தேன், மேல்வரிசை முன்பல் ஒன்று மட்டும் பென்சிலால் நிழல் போட்ட மாதிரி சாம்பலாக இருந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மிட்டாயா குடுத்தா பூச்சி புடிக்காம என்ன செய்யும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

பூச்சி இல்லை. சொத்தை என்றால் பல்லில் குழி இருக்கும், இல்லாவிட்டால் ஈறோரமாக வெள்ளையாகவோ பழுப்பாகவோ கோடு தெரியும். இரும்புச் சத்து சிரப் கறையாக இருந்தால் பல பற்களில் மேலாகக் கறுப்பாகப் படியும், பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். ஒரே ஒரு முன்பல் மட்டும் உள்ளிருந்து நிறம் மாறித் தெரிந்தால், குழந்தை எங்காவது விழுந்ததா, எதிலாவது முட்டிக்கொண்டதா என்று வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். அங்கன்வாடியிலும் கேளுங்கள், தாத்தா பாட்டியையும் கேளுங்கள் (திட்டுக்குப் பயந்து சொல்லாமல் விட்டிருப்பார்கள்).

முழங்காலில் அடிபட்டால் தோலுக்கு அடியில் கன்றிப்போகிறதே, அதேதான் பல்லுக்குள்ளும் நடக்கிறது. நடுவில் இருக்கும் மெல்லிய சதையில் ரத்தக் குழாய் உடைந்து, கசிந்த ரத்தம் பல்லுக்குள்ளேயே ஊறிவிடுகிறது. காலில் கன்றியது பத்து நாளில் மறையும், பல்லுக்குள் இருப்பது வெளியேற வழியில்லாததால் மாதக்கணக்கில் நிற்கும். சில குழந்தைகளுக்குச் சாம்பல் நிறம் மெல்ல வெளுத்துவிடும், சிலருக்குப் பல் விழும்வரை அப்படியே இருக்கும். மாதங்கள் கழித்து மஞ்சளாக மாறினால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் வெற்றிடத்தைப் பல் தானே கடினப் பொருளால் அடைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். அடிபட்ட சில நாளில் தெரியும் இளஞ்சிவப்பும் ரத்தக் கசிவுதான்; ஆனால் மாதங்கள் கழித்துப் புதிதாக இளஞ்சிவப்பு தெரிந்தால் பல் உள்ளிருந்து கரைகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடிபட்ட அன்றே இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் பல்லை விடுங்கள், தலையைப் பாருங்கள். மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், இதில் எது இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். உடைந்த துண்டு கிடைக்கவில்லை, குழந்தை இருமுகிறது, மூச்சு இழுக்கிறது என்றாலும் அப்படியே. மற்றபடி, குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை ரத்தம் வரும் இடத்தில் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முழுப் பல்லும் விழுந்துவிட்டால் திரும்பச் சொருக வேண்டாம், பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடும் யோசனை எல்லாம் நிரந்தரப் பல்லுக்குத்தான். பால் பல்லைத் திணித்தால் மேலே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல் கெட்டுப்போகலாம். பல் உள்ளே ஏறிவிட்டாலோ, இடம் மாறி வாயை மூட விடாமல் தடுத்தாலோ, நிறைய ஆடினாலோ அன்றே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலிக்குக் குழந்தையின் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது. கிராம்பு எண்ணெயைத் தடவாதீர்கள், ஈறு வெந்துவிடும். ஒரு வாரம் குழைந்த சாதம், இட்லி என்று போகட்டும், முறுக்கு காத்திருக்கும். பல் தேய்ப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள், மென்மையான பிரஷ்ஷால் மெதுவாக.

சரி, நிறம் மாறிவிட்டது, இனி என்ன? அவசரம் இல்லாவிட்டாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பல் மருத்துவர் கிடைத்தால் நல்லது, அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. நாங்கள் முதலில் போன இடத்தில் நிறத்தைப் பார்த்த உடனேயே வேர் சிகிச்சை (ரூட் கெனால்) என்றார்கள், நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பல் காயங்களுக்கான சர்வதேச அமைப்பு 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலே, சீழ் பிடித்ததற்கான அறிகுறி இல்லாமல் நிறம் மாறியதற்காக மட்டும் பால் பல்லுக்கு வேர் சிகிச்சை வேண்டாம் என்கிறது. இரண்டாவதாகப் பார்த்தவர் எக்ஸ்ரேயை எனக்கும் காட்டிவிட்டு, "பல்லைப் பாக்காதீங்கம்மா, ஈறைப் பாருங்க" என்றார்.

அதை எப்படிப் பார்ப்பது என்றால், ராத்திரி பல் தேய்த்த பிறகு குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேலுதட்டை ஆள்காட்டி விரலால் தூக்கி, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அந்தப் பல்லுக்கு மேலே, வேர் முடியும் இடத்தில், ஈறு பக்கத்துப் பல்லின் ஈறைப் போலவே இருக்கிறதா? அங்கே சிவந்து உப்பலாக இருந்தாலோ, சவ்வரிசி அளவில் வெள்ளை முனையோடு கொப்புளம் இருந்தாலோ அது சீழ். இதில் ஏமாற ஒரு வழி இருக்கிறது, கொப்புளம் தானாக உடைந்து ஒரே நாளில் மறைந்துவிடும், வலியும் இருக்காது, ஆறிவிட்டது என்று நினைப்போம், பத்து நாளில் மறுபடி வரும். ஒருமுறை பார்த்தாலே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். பல் முன்பைவிட அதிகம் ஆடுவது, குழந்தை அந்தப் பக்கம் கடிக்க மறுப்பது, இவையும் அதே கணக்குதான். கன்னமோ உதடோ வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும். சீழ் பிடித்திருந்தால் வேர் சிகிச்சை செய்வார்கள், அல்லது பல்லை எடுத்துவிடுவார்கள். குழந்தையின் வயதையும் வேர் எவ்வளவு மிச்சம் என்பதையும் பொறுத்து முடிவு செய்வார்கள்.

வெளுக்க வைக்க எலுமிச்சை, உப்பு, கரித்தூள் எதுவும் வேண்டாம். நிறம் உள்ளே இருக்கிறது, நீங்கள் தேய்ப்பது வெளியே.

மேல் முன்பல் சாதாரணமாக ஆறு, ஏழு வயதில் விழும். அடிபட்டது கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழலாம். பக்கத்துப் பல் விழுந்து புதுப் பல்லும் வந்துவிட்டது, இது மட்டும் அசையவே இல்லை என்றாலோ, புதுப் பல் இதற்குப் பின்னால் முளைத்தாலோ திரும்பவும் காட்டுங்கள். விழுந்தது எந்த வயதில் என்று எங்காவது எழுதி வையுங்கள், நிரந்தரப் பல் வெள்ளை அல்லது பழுப்புப் புள்ளியோடு வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். நான் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.