பழைய எக்ஸ்கவேட்டர் இடப்பக்கம் இழுத்தது: கோளாறு சுவிவல் ஜாயின்ட்டில்

வாங்கும்போது குளிர்ந்த எண்ணெயில் ஓட்டிப் பார்த்தேன், நேராகத்தான் போனது. ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு முன்னோக்கி ஓட்டினால் இடப்பக்கம் இழுக்கும். பின்னோக்கி ஓட்டினால் இழுப்பே இல்லை. இதை நான் கவனித்திருந்தால் நாலு நாள் மிச்சம்.

முதலில் இரு செயின்களின் இறுக்கத்தையும் சரிசமமாக்கினேன். ஹைட்ராலிக் ஃபில்டர் மாற்றினேன். இரண்டும் வீண்.

பிறகு எஞ்சினை அணைத்து, அழுத்தத்தை வெளியேற்றி, ஹோஸ்களில் அடையாளம் போட்டு, சுவிவலுக்கு (மேல்பாகம் சுழன்றாலும் கீழேயுள்ள செயின் மோட்டார்களுக்கு எண்ணெயைக் கடத்தும் சுழல் இணைப்பு) மேலே இடது, வலது டிராவல் ஹோஸ் (செயின் மோட்டார்களுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய்) ஜோடிகளை மாற்றி மாட்டினேன். லீவர்கள் இடம் மாறி வேலை செய்யும், பயப்பட வேண்டாம். அப்போதும் இடது செயின்தான் சோர்ந்தது. ஆக பம்பும் கண்ட்ரோல் வால்வும் நிரபராதிகள். கோளாறு சுவிவலிலோ அதற்குக் கீழேயோதான்.

மோட்டாரே தேய்ந்திருந்தால் பின்னோக்கியும் இழுத்திருக்கும். இடது மோட்டாரில் முன்னோக்கிய ஓட்டத்துக்கு ஒன்று, பின்னோக்கியதற்கு ஒன்று என உள்ள இரு ரிலீஃப் வால்வுகளும் (மிகை அழுத்தத்தை வெளிவிடுபவை) ஒரே ரகம். அவற்றை இடம் மாற்றிப் போட்டேன். கோளாறு பின்னோக்கிய ஓட்டத்துக்கு மாறவில்லை. மிஞ்சியது சுவிவல்தான்.

கழற்றினால், இடது முன்னோக்கு வழிக்கும் டிரெய்ன் வழிக்கும் (கசியும் எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் வழி) நடுவிலுள்ள சீல் பாதி கிழிந்திருந்தது. சூட்டில் எண்ணெய் நீர்த்ததும் அந்தக் கிழிசல் வழியே டேங்குக்கே திரும்பியிருக்கிறது. சுவிவலின் நடுத்தண்டை நகத்தால் வருடிப் பார்த்தேன், கீறல் இல்லை. முழு சீல் செட் மாற்றியது போதுமானதாக இருந்தது. கீறல் இருந்திருந்தால் புது சீலும் சீக்கிரமே கிழிந்திருக்கும்.