வாட்ஸ்அப் கணக்குக்கு இரண்டு வாசல்

"டேய், என் கோடு தெரியாம உன் நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புடா." கூடப் படிக்கும் பையனின் கணக்கிலிருந்தே இப்படி மெசேஜ் வந்தால், அவன் கணக்கு ஏற்கெனவே திருடன் கையில் இருக்கிறது என்று அர்த்தம். திருடன் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் நம்பரைப் போட்டிருக்கிறான். அதற்கான ஆறு இலக்க எண்தான் உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸாக வந்திருக்கிறது. அதை அனுப்பிய நொடியே உங்கள் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும், அடுத்து உங்கள் பெயரில் அத்தை, மாமா எல்லோரிடமும் "அவசரமா ஐயாயிரம் வேணும்" என்று கேட்பார்கள்.

இந்த வாசலை அடைக்க இரண்டு நிமிடம் போதும். செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் ஆறு இலக்க ரகசிய எண் (பின்) ஒன்றை வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம், அது இன்ஸ்டாகிராமிலேயே கிடைக்கும். இமெயில் கேட்கும் இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னை மறந்து, இமெயிலும் இல்லையென்றால் 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளின் போனில் அம்மா அல்லது அப்பாவின் இமெயிலைக் கொடுப்பது நல்லது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது வாசல் 'லிங்க்ட் டிவைசஸ்', அதாவது உங்கள் கணக்கைக் கம்ப்யூட்டர் போன்ற வேறு கருவிகளிலும் திறக்கும் வசதி. அதற்கு இந்த பின் தேவையே இல்லை. "இந்த போட்டோவுல இருக்கிறது நீயா?" என்று ஒரு லிங்க் வரும். திறந்தால் போன் நம்பர் கேட்கும், பிறகு எட்டு எழுத்துக் கோடு ஒன்றைக் காட்டி வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். போட்டால் திருடனின் கம்ப்யூட்டர் உங்கள் கணக்கோடு இணைந்துவிடும். உங்கள் போனில் எல்லாம் வழக்கம்போலவே ஓடுவதால் சந்தேகமே வராது. ஆகவே வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் மேலே மூன்று புள்ளி, ஐபோனில் செட்டிங்ஸ். அதிகபட்சம் நான்கு கருவிகள்தான் இருக்க முடியும். உங்களுடையது அல்லாததைத் தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள்.

கூரியர்காரர் போலப் பேசி *21* அல்லது *401* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள். உங்கள் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பும். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணைக் குரல் அழைப்பாகவும் வாங்க முடியும் என்பதால் அதுவும் அவர்கள் கைக்குப் போய்விடும். தெரியாமல் செய்துவிட்டால் உடனே ##002# அழுத்துங்கள்.

கணக்கு போய்விட்டதா? அதே நம்பரில் மறுபடி பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைப் போடுங்கள். திருடன் அப்போதே வெளியேறிவிடுவான். அவன் பின் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் ஆகும், ஆனால் அவனும் உள்ளே இருக்க முடியாது. அதற்குள் ஸ்கூல் குரூப்பிலும் சொந்தக்காரர்களிடமும் போனில் பேசியே சொல்லுங்கள்.

யாராவது பணம் அனுப்பிவிட்டால், அனுப்பியவர் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதிய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் முடக்க முடியும். யூபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் தெரியும் 12 இலக்க யூடிஆர் எண், தொகை, நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அழையுங்கள். வாட்ஸ்அப் சாட் எதையும் அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் கேட்பார்கள்.